எமகண்டம் முடியும்வரை

என் தங்கையின் மாமியாரை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

தங்கைக்குக் கழுத்தில், தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று வீங்கியிருந்தது. எலும்பிலிருந்த கால்சியத்தையெல்லாம் அது இரத்தத்துக்கு இழுத்துவிட்டது. குடத்தைத் தூக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. "நல்லா வேஷம் போடறா" என்று கீழ்பென்னாத்தூர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள் அந்த மகராசி.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். டாக்டர் முன்கூட்டியே சொன்னார்: "கொழுப்பும் அந்தச் சுரப்பியும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். எடுக்கற துண்டை லேப்ல பாத்துச் சொல்ற வரைக்கும் கழுத்தைத் திறந்தேதான் வச்சிருப்போம், சுரப்பி இல்லைன்னா மறுபடி தேடணும். வாங்கின உடனே ஓடிப்போய்க் குடுத்துடுங்க."

லேப் எதிர்ச்சாரியில். துண்டைக் கொண்டுபோவது அங்கே வீட்டு மனிதர்கள் வேலை. நர்ஸ் கொடுத்த டப்பாவோடு தங்கை புருஷன் போனான். மாமியாரும் கூடவே போனாள்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்து கத்தினாள். "லேபுக்கு இன்னும் வரலையாமே?"

ஓடினேன். லேப் வாசலில், வெயிலில், அம்மாவும் பிள்ளையும் நின்றிருந்தார்கள். யாருக்கோ காட்டுவதற்காக டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"இன்னும் குடுக்கலையா?"

"எமகண்டம்க்கா" என்றான் அவன். "முடியட்டும்னு அம்மா சொன்னாங்க."

"இந்த நேரத்துல குடுத்தா கேன்சர்னு வந்துடும்மா" என்றாள் அவள், எனக்குப் புத்தி சொல்வதுபோல.

பிடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். லேப் டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காய்ந்துபோயிருந்தது, சுரப்பியா கொழுப்பா என்று சொல்ல முடியவில்லை. உள்ளே தங்கையின் பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. இதற்குமேல் தாங்காது என்று மயக்க டாக்டர் சொல்ல, கழுத்தைத் தைத்துவிட்டார்கள்.

மறுநாள் இரத்தத்தில் கால்சியம் இறங்கவேயில்லை. எடுத்தது வெறும் கொழுப்பு, சுரப்பி உள்ளேதான் இருக்கிறது, உடம்பு தேறியதும் இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். அவர் அந்தப் பக்கம் போனதும் மாமியார் கட்டிலருகே வந்தாள்.

"கழுத்த அறுத்தும் பாத்தாச்சு. ஒண்ணும் கெடைக்கல. இனிமேலாச்சும் எழுந்து வேலையப் பாரு."

அவள் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. புருஷன்காரன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை, கட்டுப்போட்ட கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"அப்ப நான் நடிக்கத்தான் செஞ்சேனாக்கா?"