தண்ணீருக்கு நடுவே ஒரு புள்ளி

பேர்பெச்சுவா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஹம்பேர்க்கில் இரண்டு அறை வீடு. நான் எடுக்கிற கலியாணப் படங்களைப் பதினொரு வருடமாக அவர்தான் கணினியில் திருத்தித் தருகிறார். மணப்பெண்ணின் நெற்றி வியர்வை, மாமாவின் வேட்டியில் சிந்திய குழம்பு, பின்னால் நின்று கொட்டாவி விடுகிற ஆள், எல்லாம் அவர் கையில் காணாமல் போய்விடும்.

பயந்த மனுசி. ஜெர்மன் நன்றாக வாசிப்பார், எழுதுவார். தொலைபேசியில் மட்டும் பேசமாட்டார். பல் வைத்தியரைப் பார்க்க டெர்மின், அதாவது நேரம், எடுப்பதென்றாலும் சிநேகிதி டொறத்திதான் கதைக்கவேண்டும்.

2024 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, துருவ ஒளி அன்றிரவு ஜெர்மனி வரைக்கும் தெரியலாம் என்று செய்தி வந்தது. அக்காவிடம் அப்போது பழைய கமெரா ஒன்று இருந்தது. மற்றவர்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைத் திருத்தியவருக்கு, தானே எடுத்த ஒரு படமாவது வேண்டும் என்ற ஆசை. டொறத்தி காரை எடுத்தார். இரண்டு மணித்தியால ஓட்டம், குக்ஸ்ஹாபனுக்குப் பக்கத்தில் கடலோரம்.

அந்தக் கடல் வற்றும்போது பல கிலோமீற்றர் தூரத்துக்குச் சேற்றுவெளி தெரியும். பகலில் ஆட்கள் அதில் வெறுங்காலுடன் நடப்பார்கள். இரவில் அது வெறும் கறுப்பு. கரையணையின் மேல் கமெரா முக்காலியை நிறுத்தும்போதே அக்கா கேட்டார்.

“தண்ணி எங்கயடி நிக்குது?”

“வத்தினது இப்ப திரும்பி வந்துகொண்டிருக்கும். இஞ்ச மேல வராது, பயப்பிடாத,” என்றார் டொறத்தி.

பதினொரு மணியளவில் வானம் மாறியது. கண்ணுக்குத் தெரிந்தது மங்கிய சிவப்புத்தான், புகை மாதிரி. கமெராவை எட்டு வினாடி திறந்து வைத்தால் திரையில் அது இரத்தச் சிவப்பாகவும் அடியில் பச்சையாகவும் எழுந்து நின்றது. அழகு என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்து, பாதி வானம் சத்தமில்லாமல் அசைவதைப் பார்க்க அவருக்கு ஓடிவிடவேண்டும் போலிருந்தது. ஒன்பது படம் எடுத்துவிட்டுக் காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

குளிருக்குத் தேநீர் குடித்தபடி மடிக்கணினியில் முதல் படத்தைத் திறந்தார். சிவப்பைக் கொஞ்சம் தணித்தார், கீழே இருட்டைத் தூக்கினார். சேற்றுவெளியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கமெராவின் கோளாறு என்று நினைத்து, பழக்கத்தில் ஒரு தட்டில் அழித்துவிட்டுக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். உடனே கனடாவில் இருந்து இதயங்கள் வரத் தொடங்கின.

இரண்டாவது படத்திலும் புள்ளி. அதையும் அழிக்கப்போன விரல் நின்றது. கோளாறு என்றால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். இது கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. மூன்றாவதில் இன்னும் இடம். ஐந்தாவதில் திரும்பி வலம். ஏழாவதில் சின்னக் கோடாக இழுபட்டிருந்தது. தொடுவானத்துக்கு மேலே கப்பல் விளக்குகள். புள்ளியோ கீழே, சேற்றில்.

“டொறத்தி, இஞ்ச பார். இது ஆள். தலையில லைற் கட்டின ஆள். வழி தெரியாமல் அங்கயும் இஞ்சயும் நடக்குது.”

கடைசிப் படத்தின் நேரம் பதினொன்று பத்து. காரின் மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு இன்னும் ஏழு நிமிடம். டொறத்தி கைவிளக்குடன் அணையில் ஏறிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

“கடவுளே, தண்ணி அணைக்கு அடியில வந்திட்டுது!”

டொறத்தி அவசர உதவி எண் நூற்றுப்பன்னிரண்டுக்கு அடித்தார். எதிர்முனையில் ஒரு ஆண்குரல், சரியாக எந்த இடம் என்று கேட்டது. டொறத்தியால் சொல்ல முடியவில்லை. தொலைபேசியை நீட்டினார்.

“நீ சொல்லு. படம் உனக்குத்தான் விளங்கும்.”

“எனக்கு ஏலாது.”

“பேர்பெச்சு, அந்தாள் தண்ணிக்குள்ள நிக்குது!”

அக்கா வாங்கினார். முதல் வசனத்தில் வினைச்சொல் வரவே இல்லை. எதிர்முனைக் குரல் பொறுமையாக, “ஆறுதலாகச் சொல்லுங்கள், நான் இருக்கிறேன்,” என்றது. சேற்றுவெளியில், வெள்ளத்தில் மாட்டியவர்கள் ஏறி நிற்பதற்காகக் கம்பத்தில் கூண்டுகள் வைத்திருப்பார்கள். படத்தில் அப்படி ஒரு கூண்டின் நிழலுருவம் விழுந்திருந்தது. அதற்கு இடப்பக்கம், அதற்கும் அப்பால், கடைசிப் படத்தில் இவ்வளவு தூரம் என்று அக்கா சொன்னார். திருத்தாத மூலப் படங்களை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும்போது இரண்டு தரம் தவறான கோப்பைத் தொட்டார். அதில் ஒன்று, தான் புள்ளியை அழித்த அந்தப் படம் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பிறகு காத்திருப்பு. இருபத்தைந்து நிமிடம். இருட்டில் தண்ணீர் அணைக்கல்லில் மோதுகிற சத்தம் மட்டும். வானம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. கார் சீற்றில் குனிந்து செபமாலையின் அதே மணியைத் திரும்பத் திரும்ப உருட்டினார். பொய்யாக இருந்தால் பொலிஸ் வருமோ என்ற பயம் ஒருபுறம். உண்மையாக இருந்தால், படம் எடுத்தும் புள்ளியைக் கவனிக்காமல் விட்ட அந்த நாற்பது நிமிடம் மறுபுறம்.

ஹெலிகொப்ரர் வந்தது. அதன் வெளிச்சம் தண்ணீரை நெடுநேரம் தடவி, ஓரிடத்தில் நின்றது. அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. உயிரோடா இல்லையா என்று யாரும் வந்து சொல்லவுமில்லை. இருவரும் வீடு திரும்பினார்கள்.

ஞாயிறு மதியம் பொலிசிலிருந்து ஒரு பெண் அழைத்தார். மணி ஐந்தாவது தரம் அடித்தபோதுதான் அக்கா எடுத்தார். அறுபத்தாறு வயது மனிதராம். அவரும் படம் எடுக்கத்தான் போயிருக்கிறார். நெஞ்சளவு தண்ணீரில் ஒரு மணல்திட்டில் நின்றாராம். கூண்டு முந்நூறு மீற்றர் தள்ளி இருந்தும் இருட்டில் தெரியவில்லையாம். உடம்பு விறைத்திருந்தது, ஆனால் பிழைத்துவிட்டார்.

அக்கா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில், அடுப்புக்கு முன்னால், தரையில் அப்படியே இருந்துவிட்டார். அழுகை அப்போதுதான் வந்தது. பிறகு எழும்பி, புள்ளியை அழித்துக் குடும்பக் குழுவில் போட்ட அந்தப் படத்தை நீக்கினார்.

அக்டோபரில் வானம் மறுபடி சிவந்தது. டொறத்தி வாசலில் வந்து ஹோர்ன் அடித்தார். அக்கா கமெராவுடன் இறங்கி வந்தார். ஆனால் போகிற இடம் வயல்வெளிதான், கிட்ட ஒரு குளம்கூட இல்லை என்று டொறத்தி இரண்டு தரம் சத்தியம் பண்ணிய பிறகுதான் கார்க் கதவைத் திறந்தார்.