அடுப்புக்கல் கேட்ட அதிகாரி

எங்கள் ஆட்களுக்குக் கோபமே வராது என்று ஓசூர் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. "மலைக்காரன், சொன்ன வேலையைச் செய்வான், வாயைத் திறக்க மாட்டான்" என்று சூப்பர்வைசர் என்னைக் காட்டிச் சொல்வார். பாராட்டுகிறாராம். என் கோபத்தைக் கொட்டவேண்டிய இடம் அவர் இல்லை, அதனால் சும்மா இருந்தேன்.

நாங்கள் இருளர். லீவு கிடைத்தால் அஞ்செட்டி வரை பஸ், அப்புறம் காட்டுக்குள் நடை. எங்கள் ஊர் சர்க்கார் கணக்கில் காடு, நாங்கள் அதில் ஆக்கிரமிப்பு. காலங்காலமாகக் காட்டில் இருப்பவர்களுக்கு அங்கேயே உரிமை உண்டு என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதைக் கொடு என்று கேட்கத்தான் சங்கம் வைத்தோம். ஊர்வலம் போனோம், அதிகாரியின் ஆபீஸ் வாசலில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். இவர்கள் கிளம்ப மாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் இடத்தை வந்து பார்க்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

வந்தார்கள். ஒரு ரேஞ்சர், ஒரு ரெவின்யூ ஆள், ஜீப் நிறையக் காக்கிச் சட்டை. எங்கள் பக்கம் நான், ஓசூரிலிருந்து வந்த சங்கத்துத் தோழர் ஒருவர், பேசுவதற்கு என் அத்தை. அப்பாவின் அக்கா. புருஷன் போனதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஊரில் வாய் நீளம் அவளுக்குத்தான், வயதும் அவளுக்குத்தான் அதிகம். மூத்தவர்கள் சொல்வதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அத்தை தன் தாத்தா தேன் எடுத்த பாறையிலிருந்து ஆரம்பித்து மூச்சு விடாமல் சொன்னாள். ரேஞ்சர் கொட்டாவி விட்டார்.

"வாய்ல சொல்றது மட்டும் பத்தாதும்மா. கண்ணுக்குத் தெரியற மாதிரி எதுனா காட்டு. பழைய சுவரு, அடுப்புக்கல்லு, எதுனா இருக்கா?"

எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் மறுபடி குடியிருக்க மாட்டோம். கூரையைப் பிரித்து, கழியை உருவி, சுவரை இடித்துத் தரையோடு தரையாக்கிவிடுவோம். அடுப்பின் மூன்று கல்லையும் திசைக்கு ஒன்றாக வீசிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் புது வீடு போடுவோம். அடுப்பு அப்படியே இருந்தால் செத்தவர்கள் பசியோடு திரும்பி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சோறு போடவும் கூடாது, போட்டால் போகவே மாட்டார்கள். அதனால் மிச்சம் வைக்காமல் போவதுதான் நாங்கள் செய்கிற மரியாதை. இப்போது நாங்கள் இருக்கிற வீடுகூட அப்பா செத்த பிறகு போட்டதுதான். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்து, வாழ்ந்த தடத்தை நாங்களே அழித்திருக்கிறோம். வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். கீழ்நாட்டான் என்றால் இடிந்த சுவரைக் காட்டியே கோர்ட்டில் ஜெயித்திருப்பான்.

இதை நான் எடுத்துச் சொன்னதும் ரேஞ்சர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்க ஒரு எடத்துல நெலையா இல்ல. சுத்திக்கிட்டே இருந்திருக்கீங்க. அப்படித்தானே?" என்றார்.

தோழர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், எங்களுக்காக லத்தியடி வாங்கியவர். "மூணு கல்லுதானப்பா. பழைய எடத்துல எடுத்து வச்சு ஒரு போட்டோ புடிச்சுக்கலாம். அடுத்த தடவ கேட்டா காட்டிக்கலாம்" என்றார். மூணு கல்லுதானாம்! தன் அம்மாவின் சமாதியைப் பற்றி அப்படிச் சொல்வாரா? அத்தையின் காதில் விழுந்துவிட்டது.

"எங்கம்மாவ இவனுங்களுக்காகப் பட்டினியா கூட்டியாந்து உக்கார வைக்கச் சொல்றியா?"

தோழர் கையிலிருந்த செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அத்தை அதோடு விடாமல் ரேஞ்சர் முன்னால் போய் நின்றாள். யாராக இருந்தாலும் அவளுக்கு நீ, நான்தான்.

"ஏன் சாரு, இங்க யாரும் நெலையா இல்லங்கறியே. நான் வயசுக்கு வந்த வருசம் உங்காளுங்க வந்து ஊரையே கொளுத்துனாங்களே, அது யாரு வீடு? கரடி வீடா?"

காக்கிச் சட்டைகளில் ஒன்று சிரித்துவிட்டது. ரேஞ்சர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் எனக்கு முன்னாடிம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். எங்களிடம் தாத்தா காலத்து ஆதாரம் கேட்பார்கள். அவர்கள் இலாகா அதே காலத்தில் வைத்த தீயைப் பற்றிக் கேட்டால் மட்டும் அது யாரோ, எவரோ.

மறுநாள் ஷிஃப்டுக்குப் போகும்போது வழியில் பார்த்தேன். ஏதோ புதுக் கம்பெனிக்கு ஒரு பெரிய இடத்தை வளைத்துக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். உள்ளே ஜேசிபி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. இங்கே எத்தனை தலைமுறையாக இருந்தாய், உன் அடுப்புக்கல்லைக் காட்டு என்று அந்த முதலாளியிடம் எந்த அதிகாரி கேட்டிருப்பான்? பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் ஏன் தம்பி பல்லைக் கடிக்கிறாய் என்று கேட்டார்.

நிலையாகக் குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எங்கள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேலே அப்பீல் போட்டோம். அது முடிகிற வரைக்கும் இருக்கிற வீடு இருக்கலாம், புதிதாக ஒரு கழிகூட நடக்கூடாது என்று ரேஞ்சர் ஆள் அனுப்பிச் சொன்னார். சாவு வந்தால் எங்கே போவது என்று அன்றைக்கு யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் அத்தையைத்தான் பார்த்தார்கள்.

அவளுக்குப் புரிந்திருக்கிறது. மழைக்காலத்தில் படுத்த படுக்கையானதும் என்னைக் கூப்பிட்டாள்.

"நான் போனா வூட்டப் பிரிக்காதீங்கடா. பிரிச்சீங்கன்னா மறுபடி போட வுடமாட்டான். அப்பறம் ரோட்டுலதான் கெடக்கணும்."

"நீ திரும்பி வந்துட்டா என்ன பண்றது அத்தை?"

"வந்தா வர்றேன். பசிதான? பழகுனதுதான்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தால் யாரையாவது அடித்திருப்பேன்.

அந்த மழையிலேயே போய்விட்டாள். பிரித்தே ஆக வேண்டும் என்று அம்மா ஒப்பாரி வைத்தாள். ஊர் இரண்டுபட்டுக் கத்தியது. கூரை மேல் ஏறிய சித்தப்பாவை நானே காலைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கடைசியில் வீடு நின்றது, அடுப்பும் நின்றது.

அப்பீல் இன்னும் எங்கேயோ ஒரு மேஜையில் கிடக்கிறது. ஓசூரில் உரிமை, உரிமை என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்குப் போனால் அம்மா அதே அடுப்பில்தான் சோறாக்கிக்கொண்டிருக்கிறாள். உலை கொதித்து வாசனை வந்ததும் அவள் கை நின்றுவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற தரையைப் பார்த்து, "உனக்கில்ல அண்ணி, எந்திரிச்சுப் போ" என்று அழுதுகொண்டே விரட்டுகிறாள். அப்புறம் எனக்குத் தட்டு வைக்கிறாள்.