வண்டியோடு வராதவை

சென்ற வியாழக்கிழமை காலை எங்கள் தெருவில் ஒரு கேரவன் நின்றது.

சினிமா நடிகர்கள் படப்பிடிப்பின்போது ஓய்வெடுப்பார்களே, அந்த வகை ஊர்தி. படுக்கை, அடுப்பு, மின்விசிறி எல்லாம் உள்ளேயே அமைந்தது. உத்திரமேரூரில் நெல் லாரி நிற்கும், டிராக்டர் நிற்கும், திருமண வேன் நிற்கும். கேரவன் எங்கள் தெருவுக்குப் புதிது. மாலை சூட்டி, சந்தனமிட்டு, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, என்ஜினையும் ஓடவிட்டிருந்தார்கள். தெருவில் உள்ளவர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வசந்தா பட்டுப்புடவையோடு வந்து, வலக்காலை எடுத்து வைத்து ஏறினார். நேரே பின்பக்கம் நடந்தார். அங்கே குறுகிய கதவொன்று இருந்தது. அதைத் திறந்தார்.

பார்த்தார்.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு இறங்கினார். வீட்டுக்குள் சென்று அறையைத் தாழிட்டுக்கொண்டார்.

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது...

வசந்தா எனக்கு அடுத்த வீட்டுக்காரர். அவருடைய கணவர் வேலாயுதம் பயிரும் செய்கிறார். நெல் வியாபாரமும் செய்கிறார். இருவரும் என்னை அக்கா என்றே அழைப்பார்கள். ஒரே மகள் கலைவாணி திருமணமாகிக் கோவையில் வாழ்கிறாள்.

ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வசந்தாவால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. அவ்வளவுதான் நோய். வீட்டுக்குள் இருக்கும்வரை அது நோயே அன்று. வாசற்படியைத் தாண்டினால்தான் நோய். பேருந்து இல்லை, கார் இல்லை. மருந்துக்கடையில் விற்கும் பெரியவர்களுக்கான டயபரும் ஒவ்வாமல் புண்ணாயிற்று. ஒருமுறை துணிந்து ரயிலில் ஏறினார்கள். அந்த நேரம் பார்த்துக் கழிவறைக்குள் யாரோ இருந்தார். வசந்தா தட்டினார், நின்றார், மறுபடி தட்டினார். மேலும் நிற்க உடல் இடந்தரவில்லை. அத்தனை பயணிகளுக்கு முன்னால், நடைவழியில்... அதற்குமேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்றோடு பயணம் நின்றது. மகளின் வீட்டுச் சமையலறையை அவர் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார்.

இப்போது கலைவாணிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை காலை கோவையில் வளைகாப்பு. முதல் வளையலைத் தாய் போட்டு, மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது அவர்கள் குடும்ப வழக்கம். தாயால் வர இயலாவிட்டால் அந்த உரிமை அத்தைக்குப் போகும்.

அதற்காகத்தான் வேலாயுதம் கேரவன் வாங்கினார். மலைவாசத்துக்காக அன்று, கடற்கரையில் பாட்டுக் கேட்டபடி படுத்திருப்பதற்காகவும் அன்று. ஒரு கழிவறைக்காக!

"வூட்டையே இட்டுக்கினு போயிடலாம்க்கா. அப்புறம் அவளுக்கு இன்னா பயம்?" என்றார் என்னிடம். அவர் பேசிய சொற்களுள் அதுவே மிக அழகியது என்று அன்று எனக்குத் தோன்றியது.

பழைய வேன் ஒன்றை வாங்கினார். நியாயமான விலைதான். வண்டிகளுக்குப் பாடி கட்டித்தரும் பட்டறையொன்றில், சென்னைக்கு வெளியே, அதைக் கொண்டுபோய் விட்டார். சிக்கல் அங்கே தொடங்கிற்று.

படுக்கை உண்டு; மெத்தை தனி. மின்விசிறி உண்டு, அது சுழல இன்வெர்ட்டர் தனி. இன்வெர்ட்டர் வந்தால் பேட்டரி வேண்டும். பேட்டரிக்குப் பெட்டி வேண்டும். பெட்டி சூடேறாமலிருக்கக் காற்றுவழி வேண்டும். ஜன்னல் உண்டு, கொசுவலை தனி. தண்ணீர்த் தொட்டி உண்டு. அந்தத் தண்ணீரைக் குழாய்க்குக் கொண்டுவரும் மோட்டார் தனி. வெயிலுக்கு நிழற்கூரை, பின்புறம் பார்க்கக் கேமரா, தீயணைப்பான்... வேலாயுதம் பட்டறைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், நல்ல விலைக்காகக் கிடங்கில் காத்திருந்த நெல் மூட்டைகளில் ஒரு வரிசை குறைந்தது.

வண்டிக்கு ஒரு விலை. அதைப் பயன்படுத்தத் தக்கதாக்க இன்னொரு விலை. முதல் விலையை விற்பவர் சொல்லிவிடுகிறார். இரண்டாம் விலையை யார் சொல்வது? புறப்படும் நாள்தான் சொல்லும் — அப்போது நம்மால் பேரம் பேசவும் முடியாது.

வேலாயுதம் பேரத்தில் வல்லவர். நெல் வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. களத்தில் குவிந்த நெல்லை அள்ளிப் பார்ப்பார்கள். ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார்கள். பிறகு ஒரே விலைதான். ஈரத்துக்கு எவ்வளவு, பதருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது எதிரில் நிற்பவரைச் சந்தேகிப்பதாகும். மொத்தமாகப் பேசு, கைகொடு, முடிந்தது. எல்லாவற்றையும் கூட்டிக் கடைசிக் கணக்குப் பேசியபோது பட்டறையிலும் அவர் அதையே செய்தார். பட்டறைக்காரர் விவரம் சொல்ல வாயெடுத்தபோது இவர் கையமர்த்திவிட்டாராம். மொத்தம் எவ்வளவு? அதில் இவ்வளவு தள்ளு. கூடவே ஒரு டிவி, பாட்டுப் பெட்டி, வண்ண விளக்குகள் — இவற்றை இனாமாகப் போடு. பட்டறைக்காரர் சற்று யோசித்துவிட்டுக் கைகொடுத்தார்.

அன்று மாலை வேலாயுதம் தெருவுக்கே காபி வாங்கிக் கொடுத்தார். "டிவி, பாட்டு, லைட்டு... அல்லாம் ஓசிக்கா. நம்மகிட்டயா வேல காட்டுவான்?"

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டி வளர்வதைப் பார்க்க வசந்தாவால் பட்டறைவரை செல்ல முடியாது. வண்டி ஊர் வந்து சேர்ந்தது புதன்கிழமை மாலையில். நேரே கோயிலுக்குப் போய்ப் பூசை முடித்துக்கொண்டு வந்தது. எட்டிப் பார்க்கப் போன வசந்தாவை, மறுநாள் நல்ல நேரத்தில்தான் ஏற வேண்டும் என்று வேலாயுதமே தடுத்துவிட்டார். ஆக, யாருக்காக அந்த வண்டி கட்டப்பட்டதோ அவர் ஒருவர்தாம் அதன் உள்ளே போகாதவர்.

சரி, வேலாயுதமாவது பார்த்திருக்க வேண்டாமா? பார்த்தார் — கதவை. கதவு இருந்தால் பின்னால் அதுவும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

வசந்தாவுக்குத் துணையாக நானும் கோவை செல்வதாக இருந்தேன். அவர் உள்ளே போனதும் நான் ஏறி அந்தக் கதவைத் திறந்தேன். மூன்று பக்கமும் வெள்ளைத் தகடு. மேலே ஒரு சிறிய விளக்கு. தரையில் குழாய்க்கான துளை; அதை மூடி ஒட்டிய பழுப்பு டேப். அறை இருந்தது. கழிவறை இல்லை.

வேலாயுதம் பட்டறைக்குத் தொலைபேசினார். ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார்; தெரு முழுதும் கேட்டது.

"சார், நீங்கதானே கொறைக்கச் சொன்னீங்க? அந்த டாய்லெட் செட்டுதான் வெல ஜாஸ்தி. அத எடுத்தாதான் உங்க ரேட்டுக்கு வந்துது. ரூம வுட்டு வெச்சிக்கீறேன், பைப்புக்கு வழியும் வெச்சிக்கீறேன். வண்டிய வுட்டீங்கன்னா நாலு நாள்ல மாட்டிக் குடுத்துடறேன்."

இதை ஏமாற்று என்பதா? விவரம் கேட்க மறுத்தவர் இவர்; சொல்லாமல் விட்டவர் அவர். இனாமாக வந்த டிவிக்கு யார் விலை கொடுத்தது என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

வேலாயுதம் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய கைபேசி ஒலித்தது. கலைவாணி. எடுக்கவில்லை. மறுபடி ஒலித்தது. திரையைத் தொடைமேல் கவிழ்த்துக்கொண்டார்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெட்ரோல் பங்குகளில் நிறுத்தி நிறுத்திப் போகலாம் என்றார் ஒருவர். பங்கு இல்லாத இடங்களில் என்ன செய்வது, பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது? அப்போதுதான் வேலாயுதத்தின் அக்காள் பார்வதியம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். கலைவாணியின் அத்தை அவர். குரலைத் தாழ்த்தும் பழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை.

"அவ வூட்லயே கெடக்கட்டும்டா. வளையல நான் போட்டு, பொண்ண இட்டுக்கினு வரேன். அவ வராம போறது இன்னா மொத தடவையா?"

அறையின் ஜன்னல் தெருப்பக்கம்தான் இருக்கிறது.

நான் உள்ளே போய்க் கதவைத் தட்டினேன். நெடுநேரம் கழித்துத் தாழ் விலகியது. வசந்தா கட்டிலின் விளிம்பில், புடவை கசங்காதபடி உட்கார்ந்திருந்தார். அழுத அடையாளமே இல்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

"டிவி கீது, பாட்டு கீது, கலர் லைட்டு கீது. எனக்குத்தான்க்கா எடம் இல்ல" என்றார்.

எத்தனையோ வாரங்களாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதிவருகிறேன்; இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை.

தந்தை எடுக்காத அழைப்பு இப்போது தாயின் கைபேசிக்கு வந்தது. வசந்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றுவிடும் என்று நான் நினைத்த கணத்தில் எடுத்தார். திரையில் கலைவாணியின் முகம். பின்னால் அந்தச் சமையலறை. கிளம்பியாயிற்றா என்று மகள் கேட்டாள்.

"ஏறப் போறேன்டி" என்றார் வசந்தா. வைத்துவிட்டார்.

எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். கொல்லைப்புறம் சென்று, மாட்டுக்கொட்டகைப் பரணில் கையை விட்டுத் துழாவினார். பழைய கோணிகளுக்கும் ஏர்க்கயிறுகளுக்கும் அடியிலிருந்து ஒரு கமோடு நாற்காலியை இழுத்தார். மாமனார் படுக்கையில் விழுந்த காலத்தில் வாங்கியது. இருக்கையின் நடுவே வட்டத் துளை, அடியில் மூடியோடு ஒரு தொட்டி. அவர் காலமானபின் தூக்கிப் போட்டது. குழாயடியில் வைத்து, பட்டுப்புடவையோடு, ஃபினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். நான் கைகொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

கொல்லை வழியாகவே வண்டிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். யார் கண்ணிலும் படாது.

அவர் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தைக் கடந்து, நாற்காலியை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி முன்வாசலுக்கே வந்தார். இத்தனை ஆண்டுகளும் மூடி மறைத்த ஒன்று இப்போது தெருவின் கண்முன்னால் இருந்தது. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். பார்வதியம்மாள்கூட.

வேலாயுதம் பதறி எழுந்து நாற்காலியை வாங்கிக்கொண்டு ஏறினார். அங்கே அடுத்த இடர். குறுகிய கதவுக்குப் பக்கத்தில் டிவிக்காகச் செய்த மரப்பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. நாற்காலி நேராகவும் போகவில்லை, சாய்த்தும் போகவில்லை. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கால்கள் தகட்டில் கீறின, நாற்காலி நகரவில்லை. அவருடைய சட்டை நனைந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நல்ல நேரம் எப்போதோ கழிந்திருந்தது.

"உள்ள போவலியே வசந்தா..."

"டிவிய கழட்டு."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த மரப்பெட்டியை ஒருமுறை, மனைவியை ஒருமுறை.

"கழட்டுய்யா."

டிராக்டரின் ஸ்பேனரை எடுத்துவரச் சொல்லி, தம் வெற்றியைத் தாமே திருகு திருகாகக் கழற்றினார் வேலாயுதம். டிவி கூடத்துத் தரைக்குப் போயிற்று. நாற்காலி அறைக்குள் போயிற்று. அதன் கால்களைக் கயிற்றால் இறுகக் கட்டினார், கட்டியதை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் கட்டினார்.

புறப்பட்டோம். வந்தவாசி வரையில் வேலாயுதம் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார். பார்வதியம்மாள் சீர்த் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வசந்தா சாய்ந்து உட்காரவேயில்லை.

வந்தவாசி தாண்டிச் சிறிது தூரம் போனதும் அவர் எழுந்தார். வேலாயுதம் உடனே ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார். நாங்கள் மூவரும், யாரும் யாருக்கும் சொல்லாமலே, இறங்கிவிட்டோம். வயலைப் பார்த்தபடி வரிசையாக நின்றோம். கடந்துபோன லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, வண்டி மக்கர் பண்ணுகிறதா என்று கேட்டார். "இல்லப்பா, சும்மா காத்து வாங்கறோம்" என்றார் வேலாயுதம். உச்சி வெயில்!

அந்தச் சிறிது நேரம் எவ்வளவு நீண்டது என்று எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கயிறு தாங்குமா? கதவு ஒழுங்காகச் சாத்துமா? அவர் இறங்கி, வீட்டுக்குத் திருப்பு என்று சொல்லிவிடுவாரா?

ஜன்னல் கண்ணாடி விலகியது.

"இன்னா, அல்லாரும் வெயில்ல நின்னுக்கினு கீறீங்க? நேரமாவுது, ஏறுங்க."

ஏறினோம். வசந்தா முதன்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம் கையை நீட்டித் தண்ணீர் கேட்டார். வெளியே போக நேரும் நாளில், முந்தைய மாலையிலிருந்தே ஒரு மிடறு நீரும் அருந்தாமல் நா வறண்டு கிடப்பவர் அவர். பாட்டிலைக் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார், நிறுத்தாமல் குடித்தார். கண்ணாடியில் அதைப் பார்த்த வேலாயுதம் பாதையைவிட்டுப் பார்வையை எடுத்திருந்தார் என்பதால், அவரைக் கண்டிக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை கோவையில் முதல் வளையலை வசந்தா போட்டார். பார்வதியம்மாள் இரண்டாவது.