பசியாவரம் போட்டில் பாடிய பென்சில் டப்பா

காலை 6.40. தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றிருந்தேன். கைப்பையில் தண்ணீர் பாட்டில், நான்கு இட்லி, ஒரு நீளமான பிளாஸ்டிக் பென்சில் டப்பா. பொன்னேரிக்குப் பத்து ரூபாய். கவுண்டரில் "எத்தனை?" என்று கேட்டதற்கு வாய் தவறி "ரெண்டு" என்று சொல்லி, அப்புறம் "ஒண்ணு" என்று திருத்தினேன். அவர் போய் எட்டு மாதமாகியும் இந்த நாக்குக்குப் புத்தி வரவில்லை.

டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையில் ஈ ஓட்டிய நாட்களில் எனக்காகச் செய்த வாத்தியம் இது. இரண்டு முனையிலும் செம்புத் தகடு. நடுவில் வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு சின்னக் கண், பக்கத்திலேயே ஸ்பீக்கர். நான் ஒரு தகட்டை இடக்கையால் பிடிப்பேன். அவர் மறு தகட்டில் விரல் வைத்து, இன்னொரு கையால் என் தோளைத் தொடுவார். தொட்டவுடன் சத்தம் கிளம்பும். என் வலக்கை அந்தக் கண்ணை மூடி மூடித் திறக்கும். வெளிச்சம் கூடினால் சுரம் ஏறும், நிழல் விழுந்தால் இறங்கும். "பழவேற்காட்டு ஏரித் தண்ணி மேல வெளிச்சம் துள்ளும். அங்க போனா இது தானா பாடும், பாரேன்" என்பார். கூட்டிக்கொண்டு போகாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தனியாக இரண்டு தகட்டையும் பிடித்தால் கண்ணை மூடக் கை இருக்காது. ஒரே சுரத்தில் ஊளையிடும். வேறு யாரையாவது என் தோளைத் தொடச் சொல்லலாம்தான். வெட்கம் விடவில்லை. அது பாடுவதை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயணம். யாரைத் தொடச் சொல்வது என்று மட்டும் கிளம்பும்போது யோசிக்கவில்லை.

9.20. பொன்னேரியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் பஸ். பெண்களுக்கு இலவசம், கண்டக்டர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். பழவேற்காட்டில் இறங்கினால் மீன் வாடைதான் முதலில் வந்து வரவேற்கிறது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் மங்கலாகத் தெரிந்தன. கரையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். ஊஊ என்றது. படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கே என்னைப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது.

10.10. ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்குப் போட் புறப்பட்டுக்கொண்டிருந்தது. போட்காரர் என்னைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"வெளியாளுங்கள ஏத்தக்கூடாதும்மா. ரூல்."

மார்க்கெட்டில் இறால் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். பெயர் சம்பங்கி என்பது பிறகு தெரிந்தது. "எங்கூட வருது மாமா. நம்ம வூட்டு விருந்தாளி. இன்னா இப்போ?" என்று அடித்துவிட்டாள். அதற்கு முன் என்னை அவள் பார்த்ததுகூட இல்லை.

ஏறக் காலைத் தூக்கினேன். "யக்கா, செருப்பக் கழட்டு. போட்டுல செருப்பு கூடாது. சோறு போடுறதாச்சே" என்றாள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஏறினால் போட்டின் அடியில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். எல்லார் காலும் வெறுங்காலாக அதில்தான் இருந்தன. போட் கிளம்பியது.

"யாரப் பாக்க வந்த?"

"யாரையும் இல்ல."

"யாரும் இல்லாத ஊருக்கு எதுக்குக்கா வந்த?"

டப்பாவை எடுத்து மடியில் வைத்து, வழக்கம்போல இடக்கையால் ஒரு முனையைப் பிடித்தேன். "இன்னா இது?" என்று சம்பங்கி மறு முனையை அழுத்தினாள்.

டப்பா வீறிட்டது. அவள் விரலை உதறிக்கொண்டாள். போட்காரர், மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று சட்டென்று நிறுத்திவிட்டார்.

என் தோளை யாரும் தொடவில்லையே! குனிந்து பார்த்தேன். அவள் காலும் என் காலும் ஒரே உப்புத் தண்ணீரில். அதுதான் எங்களைச் சேர்த்துவைத்திருந்தது.

"இன்னொரு தடவ வைம்மா" என்றேன். வைத்தாள். மோட்டார் இல்லாத அமைதியில் ஏரி வெளிச்சம் துள்ளித் துள்ளி அந்தக் கண்ணில் விழ, டப்பா தானாகவே நடுங்கி நடுங்கிப் பாடியது. அவர் சொன்னது அப்படியே பலித்தது. வலக்கையால் நிழல் போட்டு நானும் சேர்ந்துகொண்டேன். அழுதேன், மறைக்கவில்லை. "மோட்டார் நல்லாத்தான் மாமா கீது. யக்காதான் அழுவுது" என்றாள் சம்பங்கி.

10.35. பசியாவரம். மணலில் இறங்கிச் செருப்பை மாட்டியதும் அவள் ஆசையாக மறுபடி தகட்டைத் தொட்டாள். சத்தமே இல்லை. "செத்துப்பூடுச்சா?" என்றாள். என் தோளைத் தொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் வீட்டில் இறால் குழம்பும் சோறும் போட்டாள். நன்றாகச் சாப்பிட்டேன். அவள் பேசினாள், நான் தலையாட்டினேன்.

2.30. திரும்பும் பஸ். காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பொட்டில் அடித்த மாதிரி ஒன்று தோன்றியது. உப்புத் தண்ணீரே போதும் என்றால் ஒரு ஒயரும் போதுமே! மறு தகட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து என் கால் விரலில் சுற்றியிருந்தால் நான் தனியாகவே வாசித்திருப்பேன். வாழ்நாள் முழுக்க ஒயரோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு இது தெரியாதா? இன்னொருத்தர் தொடாமல் இது பாடக்கூடாது என்று தெரிந்தேதான் விட்டிருக்கிறார். பாவி மனுஷன்! கோபம் கோபமாக வந்தது. பொன்னேரி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

5.40. வீடு. அவருடைய சாமான் பெட்டியைத் திறந்தேன். ஒயர் சுருளாக இருந்தது, பற்றவைக்கும் கம்பியும் இருந்தது. ஐந்து நிமிட வேலை. செய்யாமல் பெட்டியை மூடினேன்.

எதிர்வீட்டில் பதினோரு வருடமாக இருக்கும் அம்மாவிடம் தண்ணீர் லாரி வந்ததா என்பதைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை. டப்பாவோடு போய் பெல் அடித்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம், என் தோளத் தொடுவீங்களா?" என்றேன்.