கப்பல் பஸ்ஸில் ஏறாதவர்

சென்னையில் சுற்றுலாக் கப்பல் ஏறியபோதுதான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். நான் விளாங்குடி, அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். தடித்த மூக்குக்கண்ணாடி, பச்சைக் கறை போகாத நகங்கள். கப்பல் விருந்தில் அடுக்கியிருந்த வெள்ளரியைக்கூடக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

திருகோணமலையில் இறங்கியதும் ஊர் சுற்றிக் காட்டும் கப்பல் பஸ்ஸில் எல்லோரும் ஏறினோம். அவர் மட்டும் ஏறவில்லை.

"தனியாப் போனா வழி தெரியாதும்மா. நாலு மணிக்குக் கப்பல் கிளம்பிரும், உங்களுக்காக நிக்காது," என்றார் கப்பல் ஊழியர்.

"இங்கயும் தமிழ்தானப்பா பேசுறாக? வாய் இருக்கு, கேட்டுப் போறேன். விடியுமுன்ன லோடு இறக்குறவ நான், எனக்கு நீ மணி சொல்றியாக்கும்?" என்றபடி நடந்துவிட்டார்.

மத்தியானம் எங்கள் பஸ் கோயிலையும் கோட்டையையும் காட்டிவிட்டுத் திரும்பியது. "இது உள்ளூர் மார்க்கெட். பார்க்க ஒன்றுமில்லை," என்றார் வழிகாட்டி.

கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு கடைக்காரப் பெண் ஓரமாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். அவள் இடத்தில் நம் அம்மாள் வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் காயின் நுனியைக் கிள்ளப் போக, அம்மாள் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

எங்களுக்கு முன்பே அவர் கப்பலுக்கு வந்துவிட்டார். அந்த மார்க்கெட்டில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல எனக்குத்தான் ஏனோ வாய் வரவில்லை.