ஜெபத்தின் நடுவில் நான் சொன்ன ஆமென்

சபையார் அனைவருக்கும் என் அன்பு. சாட்சி சொல்ல மேடைக்கு வருகிறவர்கள் முதலில் அழுவார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் சீக்கிரம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்த உதவியில் என் வாய்க்கும் ஒரு பங்கு இருக்கிறது.

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு என் கணவர் ஜெயராஜுக்கு வீசிங் ஆரம்பித்தது. அவர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். முகமூடி கொடுத்தார்கள், சோதனை செய்தார்கள். கூட வேலை பார்த்த மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இவருடைய நெஞ்சுக்கு மட்டும் அந்த நெடி ஆகவில்லை. கடலூர் டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார்: "மாத்திரை குடுக்கலாம், வாயில வச்சி உறிஞ்சுற பம்பு குடுக்கலாம். ஆனா நீங்க அந்த எடத்த விட்டு வெளிய வந்தாதான் நெஞ்சு தேறும்."

நம் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர். மைக் இல்லாவிட்டாலும் அவர் குரல் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும். அந்த ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் சரணத்தில் நின்றுவிட்டார். மூச்சு வரவில்லை. மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்து வேதபுத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் முன்னால் போகவே இல்லை.

"வேலய விட்டுடுங்க" என்றேன்.

"உட்டுட்டு? புள்ளைங்களுக்கு காத்தயா ஊட்டுவ?" என்றார். "நீ ஒரு வேலைக்குப் போ. மறுநாளே உட்டுட்டு வரேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நான் அண்ணாமலை நகரில் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். படித்து முடித்ததும் கல்யாணம், பிள்ளைகள், வீட்டில் கணக்கு டியூஷன். பட்டம் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. எனக்கு வேலை கிடைத்தால் இவர் மூச்சு பிழைக்கும். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

முதல் இன்டர்வியூ கடலூரிலேயே வந்தது. ஜூனியர் இன்ஜினியர் வேலை. பழைய புத்தகத்தை ஒரு மாதம் உருப்போட்டேன். சிமெண்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு, எல்லாம் மனப்பாடம். உள்ளே உட்கார்ந்திருந்தவர் ஜன்னலைக் காட்டிக் கேட்டார்: "அதுக்கு மேல சன்ஷேடு இருக்கு பாருங்க. சுவத்துல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. மெயின் கம்பி மேல வருமா, கீழ வருமா?"

தளத்தில் கம்பி அடிப்பக்கமாக வரும் என்று படித்த ஞாபகம். "கீழ சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க கட்டுற சன்ஷேடுக்கு அடியில நான் மழைக்குக்கூட ஒதுங்க மாட்டேம்மா" என்றார். அடுத்த கேள்வி கேட்கவே இல்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணினேன். அதை ஜெபம் என்று சொல்லலாமா, சண்டை என்று சொல்லலாமா தெரியவில்லை. "ஆண்டவரே, நான் படித்தது எதுவும் என் மண்டையில் நிற்கவில்லை. நான் ஒரு கட்டடம் எழும்புவதைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. எனக்குக் காட்டும். எனக்கு வேலை கொடும். அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவாரும்." இந்த மூன்றையும் தினமும் கேட்டேன். சோறு வடிக்கும்போதும் கேட்டேன்.

பதில் என்ன வந்தது தெரியுமா? அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அறிவிப்பு செய்தார். மழையில் வருகிறவர்கள் நனையாமல் நிற்க ஆலய வாசலில் ஒரு போர்ட்டிகோ கட்டப்போகிறோம். பிறகு என்னைப் பார்த்தார். "நம்ம எஸ்தர் சிஸ்டரு இன்ஜினியர். அவுங்க நின்னு பாத்துப்பாங்க." சபையே திரும்பிப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னது. நான் கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் பொரிந்து தள்ளினேன். "நான் சம்பளத்துக்கு வேல கேட்டா, ஆண்டவரு சும்மா வேல குடுக்குறாரு!"

ஜெயராஜ் பம்பை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "மொதல்ல காட்டும்னு தானே கேட்ட? காட்டுறாரு. போய்ப் பாரு. சம்பளத்த அப்பறமா பேசிக்கலாம்."

போனேன். ஏழுமலை மேஸ்திரி நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ஆனால் எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்து, தண்ணீர். கலவை கெட்டியாக இருந்தால் தண்ணீர், தள்ள வரவில்லையென்றால் தண்ணீர். "ஜாஸ்தி ஊத்துனா பலம் போயிடும் மேஸ்திரி" என்பேன். "இன்னாம்மா நீ, ரசம் வைக்கிறாப்ல அளந்துகினு இருக்க" என்பார். நான் விடமாட்டேன். காலையில் புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பேன், போய் அதைக் குழியிலும் கம்பியிலும் தேடுவேன். அஸ்திவாரம் ஏன் களிமண்ணைத் தாண்டிப் போக வேண்டும் என்று கடப்பாரை இறங்கிய வேகத்திலேயே புரிந்தது. சேறும் சகதியுமாக வீட்டுக்கு வருவேன். மனசுக்குள் முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை.

தளம் போடுகிற நாள் வந்தது. அன்றைக்கு நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டட வேலை எது நடந்தாலும் ஒவ்வொரு குடும்பமும் தன் கையால் ஒரு சட்டி கலவை போட வேண்டும், பாஸ்டர் அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்க வேண்டும். நல்ல வழக்கம். அஸ்திவாரத்துக்கு அப்படித்தான் செய்தோம். அன்றும் எல்லோரும் பட்டும் வேட்டியுமாக வரிசையாக நின்றார்கள். மிக்சர் சுற்றி முதல் கலவையைத் தகரத்தில் கொட்டியது. பாஸ்டர் கண்களை மூடினார்.

அவர் ஜெபத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சபைக்காக ஜெபித்தார், ஊருக்காக, ஆட்சியில் இருப்பவர்களுக்காக, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்காக. சித்திரை வெயில் உச்சியில் இருந்தது. நான் கண்ணை மூடவில்லை. கலவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அதன் மினுமினுப்பு போனது. பிறகு ஓரம் வெளுத்தது. அரை மணியில் சிமெண்ட் இறுக ஆரம்பிக்கும் என்று படித்திருக்கிறேன். வெயிலில் அது இன்னும் அவசரப்படும். பாஸ்டர் அப்போதுதான் குடும்பங்களின் பெயர்களை ஆரம்பித்தார். அகர வரிசையில்.

மேஸ்திரி என் காதருகில் வந்தார். "எம்மா, கலவ இறுவுது. ரெண்டு கொடம் தண்ணி உட்டு எளக்கிடுறேன்."

"தொடாதீங்க" என்றேன்.

"பின்ன எப்டிம்மா மேல ஏத்துறது?"

இறுக ஆரம்பித்த கலவையில் மறுபடி தண்ணீர் விட்டால் அது பார்வைக்கு இளகும். பலம் வராது. அதற்கு அடியில்தான் நாம் எல்லோரும் பிள்ளைகளோடு மழைக்கு ஒதுங்குவோம். "நீங்க கட்டுறதுக்கு அடியில நிக்க மாட்டேன்" என்று ஒருவர் சொன்னது என் காதில் கேட்டது. பாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவ்வளவு உருக்கமான ஜெபம். அதை எப்படி நிறுத்துவது? ஒரு பெண் முன்னால் வந்து "போதும் ஐயா" என்று சொல்ல முடியுமா?

அவர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார். நான் வயிற்றிலிருந்து கத்தினேன்:

"ஆமென்!"

பழக்க தோஷம் பாருங்கள், சபை முழுவதும் "ஆமென்!" என்றது. அவ்வளவுதான், ஜெபம் முடிந்துவிட்டது. எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். கடைசியாகத் திறந்தவர் பாஸ்டர்.

"சிஸ்டர்?" என்றார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. இந்தக் கலவ ஆகாது. மேல ஏத்தக் கூடாது."

"காணிக்கைல வாங்குன சிமெண்ட்டும்மா இது" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஜெபத்தக் கெடுத்துட்டு சட்டம் வேற பேசுறா" என்று இன்னொரு குரல். யார் என்று சொல்லமாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள்.

நான் அசையவில்லை. அந்தக் கலவையைக் குழாயடியில் சேறு ஆகும் இடத்தில் கொட்டச் சொன்னேன். பாஸ்டர் குனிந்து வெளுத்துப்போன கலவையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், "அவுங்க சொல்றத செய்ங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு என்றைக்கும் கடன்பட்டவள்.

அடுத்த கலவை சுற்றும் முன்னே அவர் மொத்தமாக ஜெபித்து முடித்தார். குடும்பங்கள் மேலே ஏறிச் சட்டியைக் கவிழ்த்தன. அங்கே இன்னொரு கூத்து. வெளியே நீட்டிய பாகத்தில் எல்லோரும் கம்பியை மிதித்துக்கொண்டு நின்றார்கள், மேஸ்திரி தன் வழக்கப்படி மேல்பக்கம் கட்டியிருந்த கம்பி கீழே அமுங்கியது. "ஐயோ, மிதிக்காதீங்க!" என்று ஓடினேன். ஓடும்போதே எனக்கு அந்த சன்ஷேடு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நீட்டிக்கொண்டிருக்கிற தளம் நுனியில் தொங்கப் பார்க்கும். அப்போது அதன் மேல்பக்கம்தான் இழுபட்டு விரியும். இழுபடுகிற பக்கம்தான் கம்பி நிற்க வேண்டும். மேலே! கையை நீட்டி ஒரு பக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள், தோள்பட்டையின் மேல்பக்கம்தான் வலிக்கும். அமுங்கிய கம்பியைத் தூக்கிக் கட்டவைத்து, நடக்கப் பலகை போட்டேன். தலையில் வெயில், கண்ணில் தண்ணீர். எனக்குக் காட்டும் என்று கேட்டேனே, காட்டிவிட்டார்.

ஆனால் ஜெயராஜ் இன்னும் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். ஆடி மாதக் காற்றில் வீசிங் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத" என்றார். நான் பயந்தேன். இந்த மனிதர் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று முதல்முறையாக நினைத்தேன். அந்த வாரம்தான் சிதம்பரத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது.

ஜெபிக்கச் சொல்லி பாஸ்டரிடம் போனேன். அந்த ஆமெனுக்குப் பிறகு அவர் என்னிடம் அளவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, கூட இரும். ஆமென்." அவ்வளவுதான். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"போதும் சிஸ்டர். கலவ இறுகிடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆபீஸ் தெற்கு வீதியில் ஒரு மாடியில் இருந்தது. கேள்வி கேட்டது நரைத்த தலையோடு ஒரு அம்மா, கூட ஓர் இளைஞர். சிமெண்ட் எவ்வளவு நேரத்தில் இறுக ஆரம்பிக்கும் என்றார் இளைஞர். சொன்னேன். மண்ணின் தாங்குதிறனுக்கு ஒரு எண் கேட்டார். "எனக்கு ஞாபகம் இல்ல சார். ஞாபகம் இருந்தாலும் அத நம்பிக் கட்ட மாட்டேன், மண்ணு டெஸ்ட் பண்ணிட்டுதான் சொல்லுவேன்" என்றேன். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சைட்ல உங்களவிட பெரியவங்க ஒருத்தங்க, இறுகுன கலவைல தண்ணி ஊத்திப் போடுன்னா என்ன செய்வீங்க?"

"போட விட மாட்டேன் மேடம்."

"இங்க வர்றவங்க எல்லாரும் இப்டித்தான் சொல்றாங்க."

"நான் பாஸ்டர் ஜெபத்தையே நிறுத்திருக்கேன் மேடம்."

முழுக்கதையையும் சொல்ல வைத்தார்கள். ஆமென் வந்த இடத்தில் அந்த அம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த போர்ட்டிகோ வெளிய நீட்டிகிட்டு இருக்குன்னீங்களே. மெயின் கம்பி எங்க போட்டீங்க?"

அதே கேள்வி! "மேல மேடம்" என்றேன். கையை நீட்டி, தோளைத் தொட்டுக் காட்டினேன்.

அண்ணாமலை நகர் பக்கத்தில் அவர்கள் கட்டுகிற குடியிருப்பில் இப்போது நான் ஜூனியர் இன்ஜினியர். வேலை உறுதி என்று போன் வந்த மறுநாள் ஜெயராஜ் கம்பெனியில் சொல்லிவிட்டார். சொன்ன சொல் தவறவில்லை. இப்போது அதே பகுதியில் மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறார். பம்பு சட்டைப்பையில்தான் இருக்கிறது, எடுக்கிற வேலை குறைந்துவிட்டது. டாக்டரின் மருந்தும் இடம் மாறியதும் அவரைத் தேற்றின, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த இடத்தை மாற்றிக் கொடுத்தவர் ஆண்டவர்.

இன்று காலை மழையில் அந்த போர்ட்டிகோவுக்கு அடியில் நின்றுதானே எல்லோரும் குடையை மடக்கினீர்கள்? நானும் நின்றேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வேண்டிக் காத்திருக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள், கோபமாகக்கூடக் கேளுங்கள், அவர் தாங்குவார். கேட்டது வேறு முகத்தோடு வாசலில் வந்து நின்றால், என்னைப் போல முணுமுணுத்தாவது உள்ளே விடுங்கள். அது சேறும் சகதியுமாக வரலாம்.

இதற்கு மேல் நீட்டினால் யாராவது ஆமென் சொல்லிவிடுவீர்கள். நான் இறங்குகிறேன். மைக்கை என் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். இன்றைக்கு எல்லாச் சரணமும் அவரே பாடுவார்.