ஒட்டாத எலும்பும் டாக்டர் நூருன்னிசாவும்

டாக்டர் நூருன்னிசா அவர்கள் காலமான செய்தி வந்தபோது, நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். வார்டு சிஸ்டர்தான் போனில் சொன்னார்: "மேடம் போய்ட்டாங்கம்மா. காலைல நெஞ்சு வலின்னாங்களாம். அவ்ளோதான்."

அவர் வேலூரில் எங்கள் மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர். நான் ஆய்வுப் பிரிவில் புள்ளிவிவரம் பார்ப்பவள். கழுத்தில் நசுங்கிய டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதன் மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அதைப் பற்றிய உலக ஆய்வுகள் எந்தத் திசையில் போகின்றன என்று தொகுக்கவே நாங்கள் சேர்ந்தோம். இடுப்பெலும்பிலிருந்து துண்டு வெட்டி அந்த இடைவெளியில் வைத்த காலம் போய், அங்கே பொருத்தும் சிறு கூண்டும் அதைப் பிடித்து நிறுத்தும் உலோகத் தகடும் வந்தன. பிறகு ஒட்டவே வேண்டாம், அசையும் செயற்கை டிஸ்க் போதும் என்றார்கள். இப்போது அறுவைக்கு முன்பே கணினியில் திட்டம் போடுகிறார்கள்.

புதியது எதையும் அவர் வெறுத்ததில்லை. ஆனால் நான் ஒரு கட்டுரையை உற்சாகமாகப் புகழ்ந்தால், "ஆப்பரேஷனுக்கு அப்பறம் எத்தினி வருஷம் பேஷண்டைப் பாத்திருக்காங்க?" என்பார். கம்மி என்று தெரிந்தால் சிரிப்பார். "நான் ஆம்பூர் தோல் மண்டிக்காரர் பொண்ணு. பாலிஷைப் பாத்து மயங்க மாட்டேன். திருப்பிப் பின்பக்கம் பாப்பேன்."

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்பவர் செல்வி. கை மரத்துப்போய் வந்த அவருக்கு டாக்டர்தான் அறுவை செய்தார். ஓராண்டு கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் எலும்பு ஒட்டியிருக்கவில்லை. பல கட்டுரைகளின் வழக்கப்படி அது தோல்விக் கணக்கு. செல்வி பயந்துபோய், மறுபடி அறுவை செய்துகொள்ளத் துணிப்பையோடு வந்துவிட்டார்.

"இன்னா மேடம், ஒட்டலன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் ஆப்பரேஷன் வாணாம்னா? குனிஞ்சு தைக்கறவ நான். தலை கழண்டு மெஷின் மேல வுழுந்துட்டா?"

"வுழுந்தா உங்க சூப்பர்வைசர் அதையும் சேத்துத் தைக்கச் சொல்லுவாரு."

செல்வி சிரிக்கவில்லை. டாக்டர் தம் விரல்களை அவரிடம் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், தலையைத் திருப்பச் சொன்னார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தகடு ஆடாம நிக்குது. கைல பலம் வந்துடிச்சு. வலி இல்ல. எதுக்கும்மா உன்னை மறுபடி அறுக்கணும்? படம் அழகா வர்றதுக்கா?"

"நாளைக்கு வலி வந்தா?"

"வந்தா நான் சொன்னது தப்பு. அன்னிக்கே வா, நானே பண்றேன். அதுவரைக்கும் கூப்பிடறப்பல்லாம் வந்து காட்டணும்."

செல்வி கோபமாகத்தான் போனார். டாக்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை. "கத்தி எடுக்கறது ஈஸி. எடுக்காம இருக்கறதுதான் பேஜார்" என்றார். அவர் கணிப்பு தவறினால் செல்வியின் கைகள் மீண்டும் முடங்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால்தான் செல்வியைப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதை அவர் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. செல்வியும் ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்; தையல் வேலையை விடவும் இல்லை.

இன்று ஆய்வுகளும் எலும்பு ஒட்டியதா என்பதோடு நிற்காமல், அந்த மனிதரால் என்ன செய்ய முடிகிறது என்று கேட்கின்றன. எங்கள் கட்டுரையில் டாக்டர் இப்படி எழுதினார்: "எலும்பு ஒட்டாமலே நலமாயிருப்பவர்களைத் தோல்வி என்று எழுதாதீர்கள்; வெற்றி என்று எழுதிவிட்டு மறந்தும் விடாதீர்கள்." அது ஒரு சொல்லும் மாறாமல் அச்சுக்குப் போகும்.

கடைசியாக முகம் பார்க்க ஆம்பூரில் டாக்டரின் வீட்டுக்குப் போனபோது, கம்பெனி கோட்டோடு செல்வி நின்றிருந்தார்.

"இனிமே யாரு என்னைக் கூப்புடுவாங்க?"

"நான் கூப்பிடுவேன். வேற டாக்டர் பாப்பாங்க. நீங்க வரணும்."

தலையாட்டினார். பெண்கள் வழிவிட, கட்டிலருகே போய்த் தாழக் குனிந்து அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். எல்லோரும் அழுதார்கள். நான் செல்வியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நன்றாகக் குனிகிறார், டாக்டர். நிம்மதியாகப் போங்கள்.